தோலால் ஆன எலும்பு

எங்கள் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். விலை கொடுத்து வாங்கியதல்ல. ஒரு மழை நாளில் தானாக வந்து திண்ணையில் படுத்து, பிறகு போக மறுத்துவிட்ட நாய். வந்த புதிதில் அதற்கு விளையாட்டுச் சாமான் என்று ஒன்றும் கிடையாது. என்னுடைய பழைய செருப்பு ஒன்று இருந்தது. அதுவே போதும் என்று நானும் நினைத்தேன், மணியும் நினைத்தது. அந்த எண்ணத்தை மாற்றியவள் பெங்களூரில் இருக்கும் என் மகள். ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒன்றும் வாங்கி வராவிட்டாலும் மணிக்கு ஏதாவது வாங்கி வராமல் இருக்கமாட்டாள். ரப்பர்ப் பந்து, கயிற்று முடிச்சு, அமுக்கினால் 'கீச்' என்று கத்தும் வாத்து, பஞ்சடைத்த துணிக் கரடி என்று மூன்று வருஷத்தில் ஒரு கூடை நிரம்பிவிட்டது.

அந்தக் கூடையில் ஓர் எலும்பும் இருந்தது. நிஜ எலும்பு அல்ல. வெள்ளை வெளேரென்று தகடு மாதிரி ஒன்றைச் சுருட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, எலும்பு போலச் செய்திருந்தார்கள். மாட்டுத் தோல் என்று உறையின் மேல் அச்சிட்டிருந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு சுத்தம்! நானே ஒரு தடவை முகர்ந்து பார்த்து, வாசனை ஒன்றும் இல்லையே என்று திருப்தி அடைந்தேன்.

சென்ற வருஷம் தீபாவளிக்கு மகள் வந்திருந்தபோது, ஒன்றரை வயதுப் பேரன் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் அந்த எலும்பைக் கண்டுபிடித்தான். பல் முளைக்கிற வயது. மணி கடித்துக் கடித்துக் கூழாக்கி வைத்திருந்த முனையை அவனும் வாயில் வைத்துக்கொண்டு வெகு சந்தோஷமாக உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்துச் சிரித்தோம். போட்டோ கூட எடுத்தோம். இரண்டு நாள் கழித்து ஜுரம் வந்தது, பிறகு பேதி, அதில் ரத்தம். வேலூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" இரண்டாவது கேள்வி, "வீட்டில் நாய் இருக்கா?" பரிசோதனையில் சால்மொனெல்லா என்று வந்தது. நாயின் எலும்புதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பையன் தேறிவிட்டான். அந்தப் போட்டோவை என் மகள் அழித்துவிட்டாள்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே என் மனைவி அந்தக் கூடையை முற்றத்தில் கவிழ்த்து, ஒரு பாட்டில் பினாயிலையும் அதன் தலையில் கொட்டினாள். "ஒரு புழு பூச்சி இருக்கக் கூடாதுங்க!" என்றாள். பொம்மைகள் ஒரு ராத்திரி முழுவதும் அதில் ஊறின. மறுநாள் காலையில் மணி வாத்தை எடுத்துக் கடித்தது. பத்து நிமிஷத்தில் வாயில் நுரை, எச்சில் ஒழுகல், வாந்தி. வெறி பிடித்துவிட்டதோ என்று தெருவே கூடிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு, "நாய்க்கு வியாதி இல்லை சார். உங்க வீட்டுச் சுத்தம்தான் அதுக்கு வியாதி" என்றார்.

ஆக, ஒரே வாரத்தில் அழுக்கால் ஓர் ஆபத்தும் சுத்தத்தால் ஓர் ஆபத்தும். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு அப்பாவி ஜீவன்களும் பெரியவர்களின் அறியாமைக்குப் பலியாகப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் இந்த விஷயத்தைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு நாவலாசிரியன் நாய்ப் பொம்மை கழுவுவதைப் பற்றி ஆறு மாசம் படித்தான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் அது என்னை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. பாரிஸுக்கு, வியன்னாவுக்கு, லண்டன் தெருக்களுக்கு, கடைசியில் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஆம்பூருக்கு.

சால்மொனெல்லா என்ற பெயரைக் கேட்டதும் சால்மன் மீன் ஞாபகம் வருகிறதல்லவா? மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது. 1885ல் அந்தக் கிருமியைக் கண்டெடுத்தவர் அவரிடம் வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித். பெயர் மட்டும் மேலதிகாரிக்குப் போயிற்று. உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. இந்தக் கிருமி உலர்ந்த தோலில் மாசக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நாயின் எச்சில் பட்டு ஈரமானதும் விழித்துக்கொள்ளும். நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. குழந்தைகளும் வயோதிகர்களும்தான் படுத்துவிடுகிறார்கள். 2019ல் அமெரிக்காவில் நாய்கள் கடிப்பதற்கென்று விற்ற உலர்ந்த பன்றிக் காதுகளின் மூலம் 34 மாகாணங்களில் 154 பேர் சால்மொனெல்லாவால் நோயுற்றார்கள். இந்தியாவிலிருந்து போன தோல் எலும்புகளில் இதே கிருமி இருந்ததாக ஐரோப்பிய நாடுகளின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பலமுறை பதிவாகியிருக்கிறது.

மற்றப் பொம்மைகள் மட்டும் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். 2011ல் அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். என்ற நிறுவனம் 22 குடும்பங்களின் வீடுகளில் முப்பது சாமான்களைத் துடைத்து எடுத்துப் பரிசோதித்தது. கக்கூஸில்தான் கிருமி அதிகம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். முதலிடம் பெற்றது பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. நாய் பூனைகளின் சாப்பாட்டுக் கிண்ணமும் பொம்மையும் முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிட்டன.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஆம்பூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதர், தோல் வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர், பேத்திக்குக் கல்யாணம் வைத்திருந்தார். போனேன். பிரியாணியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் நாய் மறந்துவிடும். சாப்பிட்டு முடித்த பிறகு சிநேகிதரிடம், "பாய், எனக்குத் தோல் எலும்பு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "எலும்பு எங்களிடம் செய்வதில்லை. அது எதிலிருந்து வருகிறதோ அதைக் காட்டச் சொல்கிறேன்" என்று ஓர் ஆளைக் கூட அனுப்பினார்.

வேலூர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இடங்கள் புதிதல்ல. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தோல் ஷாப்புகள் வரிசையாக வரும். முன்பு ஒரே வட ஆற்காடாக இருந்தது. 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது எங்கே தெரியுமா? வாலாஜா ரோட்டில். பின்னால் பாதை மேற்கே நீண்டபோது தோல் துறைமுகத்துக்குப் போக வழி பிறந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு இங்கே பதனிட்ட தோல்தான் முதல் உலகப் போரில் ஆங்கிலச் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை சர்க்கார் கட்டுப்படுத்தியது. முழுத் தோலாக, செருப்பாக, பூட்ஸாகச் செய்து அனுப்பச் சொன்னது. ஆவாரம் பட்டையின் இடத்தைக் குரோமியம் உப்பு பிடித்துக்கொண்டது.

சின்ன வயதில் ரயில் ஆம்பூரைத் தாண்டும்போது என் அம்மா எங்கள் மூக்கில் முந்தானையை வைத்து அழுத்துவாள். அறுபது வருஷம் கழித்து அந்த வாடைக்குள் நானே நடந்து போனேன். எழுத்தாளர்களாகிய நாங்களும் அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தோம் என்று தோன்றுகிறது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் 'தோல்' என்று நாவல் எழுதி, அதற்கு 2012ல் சாகித்ய அகாதமி பரிசும் கிடைத்தது. அதற்கு முன் எத்தனை நாவலில் அந்த வாடை வந்திருக்கிறது?

எனக்குச் சுற்றிக் காட்டியவர் நாற்பது வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர். உப்புப் போட்ட பச்சைத் தோல் வந்ததும் முதலில் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். ரத்தமும் உப்பும் மண்ணும் கரைந்து போகவேண்டும். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. அதில் மயிர் கழன்று தோல் உப்பிக் கனக்கிறது. அதற்குப் பிறகு உட்புறத்துச் சதையை வழித்து எடுத்து, யந்திரத்தில் கொடுத்துத் தோலை இரண்டு அடுக்காகப் பிளக்கிறார்கள். மேல் அடுக்குச் செருப்புக்கும் பைக்கும். கீழ் அடுக்கு?

"அது வேற வியாபாரி வந்து எடுத்துக்கினு போவான் சார்," என்றார் பெரியவர். "பசை காய்ச்சுவான், ஜெலட்டின் பண்ணுவான். அப்பறம் நாய்க்கு எலும்பு பண்றாங்களாம். வெள்ளைக்காரன் நாய் வெள்ளையா இருந்தாத்தான் துன்னுமாம்!"

அவர் சொன்னதில் உண்மை உண்டு. சுண்ணாம்பிலிருந்து வரும் தோல் அப்படி வெண்மையாக இராது. அதைக் கழுவி, பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு போட்டு வெளுத்து, சுருட்டி முடிச்சுப் போட்டு உலர்த்துகிறார்கள். நல்ல கம்பெனிகள் காமாக் கதிர் காட்டியும் கிருமி நீக்குவதுண்டு. ஆனால் கதிர் பட்டதா இல்லையா என்று வெண்மையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் முகர்ந்து பார்த்துத் திருப்தி அடைந்த சுத்தம், கண்ணுக்கும் மூக்குக்கும் செய்யப்பட்ட சுத்தம்.

சுற்றிப் பார்த்து முடிந்ததும் ஒரு கொட்டகை ஓரமாக உட்கார்ந்தோம். பையன் ஒருவன் இரண்டு கிளாஸில் டீ கொண்டு வந்தான். பெரியவர் ஒரு கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருடைய கையை அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை வெந்து வெளுத்தது போல இருந்தது. விரல் நுனிகளில் சின்னச் சின்னக் குழிகள். சுண்ணாம்பு அரித்தவை. நான் கிளாஸை வாங்க ஒரு விநாடி தயங்கினேன். ஒரே விநாடிதான். அவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். முதலில் வெறும் தண்ணீரில் கையைத் தேய்த்தார். பிறகு சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தார். மறுபடி தண்ணீர். அங்கிருந்த ஒரு டப்பாவிலிருந்து ஏதோ மருந்துத் தண்ணீரைக் கையில் விட்டுக்கொண்டு, மறுபடி கழுவி, வெயிலில் உதறிக்கொண்டே வந்தார்.

"ஊற வெச்சு அழுக்கை எடுக்காம சுண்ணாம்புல போட்டா தோல்ல சுண்ணாம்பு ஏறாது சார்," என்றார், நான் கேட்காமலே. "அழுக்கு போனாத்தான் மருந்து. கைக்கும் அப்டித்தான்."

அந்த டீயைக் குடித்தேன். அதற்குள் ஆறிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து புஸ்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், அவர் ஒரு வாக்கியத்தில் சொன்னதைத்தான் விஞ்ஞானிகள் விரித்து எழுதியிருக்கிறார்கள். எச்சிலும் கொழுப்பும் படிந்த பொருளின் மேல் கிருமிநாசினியைக் கொட்டினால், மருந்து அந்த அழுக்கோடு மல்லுக்கு நின்றே தீர்ந்துபோகும். கிருமி அடியில் சௌக்கியமாக இருக்கும். என் மனைவி செய்த தவறு பினாயில் மட்டுமல்ல, கழுவுவதற்கு முன்பே மருந்தைக் கொட்டியதும்தான்.

இன்னொன்றும் கண்டேன், அதைக் கண்டபோது நாற்காலியை விட்டு எழுந்து உட்கார்ந்தேன். நம் குளியலறை அலமாரியில் இருக்கும் சுத்தச் சாமான்களில் இரண்டு, தோலும் குடலும் நாறிய இடத்திலிருந்து வந்தவை.

முதலாவது குளோரின். 1774ல் ஷீலே அதைக் கண்டுபிடித்தார். பிரான்ஸில் பெர்தொலே அதைத் துணி வெளுக்கப் பயன்படுத்தினார். 1799ல் ஸ்காட்லாந்துக்காரர் டெனன்ட் அதைப் பொடியாக்கிக் காப்புரிமை வாங்கினார். அதுவரை அது வண்ணான் துறைச் சமாசாரம். பாரிஸ் நகரத்தில் ஆட்டுக் குடலிலிருந்து வீணைத் தந்தி போன்றவை செய்யும் பட்டறைகள் இருந்தன. குடலை அழுக வைத்துத்தான் உள்சவ்வை எடுப்பார்கள். அந்த நாற்றத்தில் வேலை செய்கிறவர்களின் கதி என்ன என்று யோசித்து, அழுகாமல் செய்ய வழி சொல்பவருக்குப் பரிசு என்று ஒரு சங்கம் அறிவித்தது. 1820ல் அந்தப் பரிசைப் பெற்றவர் லாபராக் என்ற மருந்துக் கடைக்காரர். அவருடைய மருந்துதான், நாம் இன்று பாட்டிலில் வாங்கும் வெளுப்புத் திரவத்தின் மூதாதை. 1824ல் பதினெட்டாம் லூயி மன்னர் உடல் அழுகி இறந்தபோது, சவத்தின் அருகே நிற்க முடியாமல் லாபராக்கைக் கூப்பிட்டனுப்பினார்கள். குடல் பட்டறையின் மருந்து அரண்மனைக்குள் போயிற்று.

1847 மே மாசத்தில் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர், பிண அறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் வைத்தியர்கள் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரல் மாசத்தில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார் செத்துக்கொண்டிருந்த வார்டில், கோடையில் அது இரண்டாகக் குறைந்தது. கனவான்களாகிய வைத்தியர்களுக்குத் தங்கள் கை அழுக்கு என்று ஒருவன் சொன்னது பொறுக்கவில்லை. நான் ஆம்பூரில் தயங்கிய அந்த விநாடியை இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். என் கையை நான் கழுவிக்கொண்டுதான் டீயை வாங்கினேனா?

இரண்டாவது சாமானுக்கும் நாய்க்கும் நேரடி உறவு. கொஞ்சம் அருவருப்பான விஷயம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இலையை மடித்துவிட்டு வாருங்கள். சுண்ணாம்பில் விறைத்த தோலை மறுபடி மிருதுவாக்க ஐரோப்பியத் தோல்காரர்கள் நாயின் மலத்தை வெந்நீரில் கரைத்து அதில் தோலை ஊற வைத்தார்கள். லண்டனில் அதைத் தெருத் தெருவாகப் பொறுக்கி பெர்மான்ஸி தோல் ஷாப்புகளுக்கு விற்று வயிறு வளர்த்த ஏழைகளைப் பற்றி ஹென்றி மேஹ்யூ 1851ல் எழுதியிருக்கிறார். அந்தச் சரக்குக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'ப்யூர்'. நம் பாஷையில் சொன்னால், 'சுத்தம்'!

அதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஜோஸப் டர்னி வுட் என்ற நாட்டிங்ஹாம்காரர் வருஷக்கணக்காக ஆராய்ந்து 1912ல் புஸ்தகமே வெளியிட்டார். பாக்டீரியாக்களும், அவை சுரக்கும் என்சைம்களும்தான் வேலை செய்கின்றன என்று காட்டினார். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற ரசாயனக்காரர் கொல்லப்பட்ட மிருகங்களின் கணையத்திலிருந்து அந்த என்சைமை எடுத்து 'ஓரோபான்' என்ற பெயரில் தோல்காரர்களுக்கு விற்றார். 1907ல் ஓட்டோ ஹாஸ் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனிக்கு அதுதான் முதல் பெரிய சரக்கு. தெருவில் பொறுக்கும் தொழில் ஒழிந்தது. தோலில் ஒட்டிய புரதத்தைக் கரைப்பது துணியில் ஒட்டிய ரத்தக் கறையைக் கரைக்காதா என்று அவர் யோசித்ததன் பலன், 1914ல் வந்த 'பர்னஸ்' என்ற சலவைப் பொடி. என்சைம் போட்ட முதல் சலவைப் பொடி அதுதான். 1960களில் பாக்டீரியாவிலிருந்தே என்சைம் எடுக்கத் தொடங்கியதும், அது உலகத்துச் சலவை மிஷின்களிலெல்லாம் நுழைந்தது. இன்று மணியின் எச்சில் கறையைத் துணிக் கரடியிலிருந்து எடுக்கும் பொடி, மணியின் மூதாதைகள் லண்டன் தெருவில் போட்டுவிட்டுப் போனதன் வாரிசு. ஆம்பூர்ப் பெரியவரிடம் பிறகு போனில் இதைச் சொன்னபோது, "எங்களுக்கு டப்பாவுல வர்ற பவுடர்தான் தெரியும் சார், நல்ல வேளை!" என்று சிரித்தார்.

பினாயிலின் குலம் வேறு. அது நிலக்கரித் தாரிலிருந்து வந்தது. கார்லைல் நகரத்துச் சாக்கடையில் கார்பாலிக் அமிலம் போட்டதில் நாற்றம் அடங்கியதைக் கேள்விப்பட்டு, லிஸ்டர் 1865ல் அதைப் புண்ணுக்குப் போட்டார். சாக்கடைக்குப் பிறந்தது சாக்கடைக்கே நல்லது. தரை துடைக்கலாம்; வாயில் போகிற பொருளுக்கு ஆகாது. ரப்பரும் கயிறும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு நாயின் நாக்குக்குக் கொடுக்கும். பூனைக்கு இன்னும் மோசம். பீனால் கலந்த மற்ற வாசனைக் கிருமிநாசினிகளும் அப்படியே.

சுத்தம் செய்கிற மருந்தே தோஷமாவது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. 2017ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி தன் தோல் எலும்புகளைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அயல்நாட்டுத் தொழிற்சாலைகள் சிலவற்றில், பாத்திரங்களையும் யந்திரங்களையும் கழுவுவதற்கென்று அனுமதித்த மருந்தைத் தோலுக்கே போட்டிருந்தார்கள். நாய்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. எங்கள் முற்றத்தில் நடந்ததையே அவர்கள் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் வாரம் ஒரு தரம் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர்ப் பந்தையும் கெட்டியான பிளாஸ்டிக்கையும் வெந்நீரில் சோப்புப் போட்டு, இடுக்கெல்லாம் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, அலசுகிறோம். மாசம் ஒரு தரமோ, நாய்க்கு வயிற்றுப் போக்கு இருந்தாலோ, அலசிய பிறகு வெளுப்புத் திரவத்தில் போடுகிறோம். நூற்றுக்கு ஐந்து பலமுள்ள திரவமானால் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 20 மில்லி, ஐந்து நிமிஷம். பிறகு வாசனை போகிற வரைக்கும் ஓடுகிற தண்ணீரில் அலசி வெயிலில் நன்றாகக் காய வைக்கவேண்டும். கலந்ததை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை, பலம் போய்விடும். நகராட்சிக்காரர்கள் தூவும் பிளீச்சிங் பவுடர் வீரியம் அதிகம். அதை இதற்கு எடுக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மாத்திரம் அழுத்திச் சொல்லவேண்டும். வெளுப்புத் திரவத்தோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ கலக்காதீர்கள். கிளம்பும் புகை குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மானியர் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது அதே வாயுதான். நாய் மூத்திரம் பட்ட துணியையும் நேரே அதில் முக்கக் கூடாது. அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து வேறொரு விஷப் புகை வரும். முதலில் தண்ணீரில் அலசுங்கள். பெரியவர் சொன்ன வரிசைதான்.

துணிப் பொம்மைக்குச் சலவைப் பொடி போதும். இரண்டு தரம் கூடுதலாக அலசவேண்டும். கயிற்று முடிச்சைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து உள்வரைக்கும் உலர விடுங்கள். நூல் பிரிய ஆரம்பித்தால் எறிந்துவிடுங்கள்; விழுங்கிய நூல் நாயின் குடலைச் சுருக்கிக் கொன்றுவிடும். கத்துகிற வாத்தை அமுக்கிப் பாருங்கள். உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

தோல் எலும்பை மட்டும் எந்த வீட்டிலும் கழுவிச் சுத்தப்படுத்த முடியாது. வேக வைத்தால் அறுபது எழுபது டிகிரியிலேயே சுருங்கி, பிறகு பிசின் மாதிரிக் குழைந்துவிடும். நாயின் தொண்டையை அடைக்கும். மருந்தில் போட்டால் மருந்தைக் குடித்துக்கொள்ளும். கொடுப்பதானால் நாம் பக்கத்தில் இருந்து, குழந்தைக்கு எட்டாத இடத்தில் கொடுத்து, கூழானதும் எடுத்து எறிந்து, கையை சோப்பால் கழுவிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நான் பெருமையாக நினைத்த பழைய செருப்பும் இதே கதைதான். குரோமியத்தில் பதனிட்ட தோலில் ஆறு இணைதிற குரோமியம் உண்டாகலாம் என்று, உடம்பில் படும் தோல் சாமான்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என 2015 மே முதல் ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. அதுவும் காலில் போடுகிற தோலுக்கு. வயிற்றில் போடுகிற தோலுக்கு அல்ல.

அந்தத் தோலின் சுத்தம் அங்கேதான், ஆம்பூர்த் தொட்டியில்தான் ஆகவேண்டும். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க 30, 40 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வேலூரைக் கேலி செய்பவர்கள் நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்பார்கள். சாமி 1981ல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறு வரவில்லை, தோல் ஷாப்புகளின் தண்ணீர்தான் பல வருஷம் அதில் ஓடிற்று. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அசுத்தப்படுத்தியவனே சுத்தப்படுத்தும் செலவைக் கொடுக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் ஒன்று என்றும் அதிலே சொன்னார்கள். ஒவ்வொரு தோல் ஷாப்பும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டிற்று. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அவசரம் பிறந்தது. அப்படியும் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, ராத்திரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள்.

பேரன் இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தான். இப்போது நன்றாக ஓடுகிறான். மொட்டை மாடியில் பந்தும் வாத்தும் கரடியும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மணி அவற்றுக்குக் காவல் உட்கார்ந்திருந்தது. என் மகள் முன்பு எப்போதோ வாங்கி வந்த தோல் எலும்பு ஒன்று உறை பிரிக்காமல் என் மேஜை டிராயரில் இருக்கிறது. "அதை எறிஞ்சு தொலைங்களேன்" என்று என் மனைவி இரண்டு தரம் சொல்லிவிட்டாள். நாய்க்குக் கொடுக்கவும் தோன்றவில்லை, எறியவும் தோன்றவில்லை. இரண்டு முனையிலும் முடிச்சு இறுக்கமாக, ஒரே அளவாகப் போட்டிருக்கிறது. யந்திரம் போட்ட முடிச்சு அல்ல.